எழுந்து போன டீச்சர்

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி இல்லை, காவி இல்லை, ஆசிரமமும் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீடு, இரண்டு கம்ப்யூட்டர், வாசலில் நாலைந்து தொட்டிச் செடி. பெயர் பியூலா. சீடர்தான் நரைத்த மீசைக்காரர். பெயர் ஆவுடையப்பன். டெலிபோன் இலாகாவில் கம்பி இழுத்தவர், பிறகு எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவர், இப்போது ஓய்வு பெற்றவர். குருவைவிட இருபது வயது மூத்தவர்.

அவர் அவளை ‘டீச்சர்’ என்பார். அவள் அவரை ‘அண்ணாச்சி’ என்பாள். அவர்கள் இருவருக்கும் இதில் கூச்சம் கிடையாது. பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது.

ஆவுடையப்பன் அந்த வீட்டு வாசலை மிதித்ததற்குக் காரணம் அவருடைய தங்கை வடிவு. வடிவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஒரு சிறிய பள்ளியில் அவள் ஆசிரியை. ஓர் அறக்கட்டளை அந்தப் பள்ளிக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர்களைக் கொடுத்திருந்தது. உலகம் முழுக்க ஆட்கள் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக விட்டிருக்கும் இயங்குதளம் ஒன்றை அதில் போட்டார்கள். அது திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டும். பிள்ளைகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு குறை. இன்டர்நெட் வரவில்லை. அந்த இயந்திரங்களில் இருந்த நெட்வொர்க் சிப்பை அந்த இயங்குதளத்துக்கு அடையாளமே தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்க ஒரு துபாஷி வேண்டும். அதற்குத்தான் டிரைவர் என்று பெயர். சிப்பைச் செய்த கம்பெனி விலைக்கு விற்கப்படும் வேறோர் இயங்குதளத்துக்கு மட்டும் டிரைவர் எழுதிக் கொடுத்துவிட்டு, உள்விவரம் எதையும் வெளியே சொல்லாமல் வாயை மூடிக்கொண்டது.

பள்ளி திறப்பதற்குள் சரியாகாவிட்டால் இயந்திரங்களை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று அறக்கட்டளைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் பேரில் தப்பில்லை. ஆனாலும் வடிவு அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அந்த இயங்குதளத்துக்கு டிரைவர் எழுதுகிற கூட்டத்தில் ஒருத்தி உள்ளூரிலேயே இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஆவுடையப்பன் வந்தார். விஷயத்தைச் சொன்னார். சிப்பின் பெயரைக் கேட்டதும் பியூலா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

“நான் எழுத முடியாது அண்ணாச்சி,” என்றாள். “நீங்க எழுதுங்க. எழுதுறது எப்படின்னு சொல்லித் தாரேன்.”

“நானா?”

“ஏன், கம்பியில என்ன ஓடுதுன்னு ஆயுசு முழுக்கப் பாத்தவங்கதானே?”

இப்படித்தான் ஆரம்பித்தது. பள்ளிக் கம்ப்யூட்டர் ஒன்றை ஆவுடையப்பன் டீச்சர் வீட்டுக்கே தூக்கி வந்தார். பியூலா நன்றாகச் சொல்லித் தந்தாள். சிப்புக்குள்ளே எண் போட்ட சின்னச் சின்ன அறைகள் இருக்கும். ஓர் அறையில் ஒரு மதிப்பை எழுதினால் சிப் விழிக்கும், இன்னொன்றில் எழுதினால் தூங்கும். டிரைவர் என்பது எந்த அறையில் எதை எப்போது எழுதுவது என்கிற சங்கதிதான். ஆவுடையப்பன் பிடித்துக்கொண்டார். அவருக்கு இது பழைய எக்ஸ்சேஞ்சின் பேத்தி மாதிரி இருந்தது.

ஒரு நாள் கேட்டார். “டீச்சர், நம்ம சிப்பை எழுப்பணும்னா முதல்ல எந்த அறையைத் தட்டணும்?”

பியூலா எழுந்து வாசலுக்குப் போனாள். தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

ஆவுடையப்பன் யோசித்தார். குருமார்கள் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள், ஏதாவது செய்து காட்டுவார்கள் என்று அவரும் கேள்விப்பட்டிருக்கிறார். செடிக்குத் தண்ணீர் என்றால் என்ன அர்த்தம்? வேரில் ஊற்று. வேர் என்றால் அடி. அடி என்றால் சுழியம் எண் அறை. அதில் எழுதிப் பார்த்தார். சிப் விழித்துக்கொண்டது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் ஆவுடையப்பன் புல்லரித்துப் போனார்.

அடுத்த கேள்விக்கு டீச்சர் சமையலறைக்குப் போய் அடுப்பில் பால் வைத்தாள். அவர் அரை நாள் அதற்கு அர்த்தம் தேடினார். பொங்கி வரும்போது அணைக்க வேண்டும் என்பதா? ஆடையை நீக்க வேண்டும் என்பதா? என்னென்னவோ எழுதிப் பார்த்தார். சிப் அசையவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டார்.

“டீச்சர், பால் காய்ச்சினியளே, அதோட உட்பொருள் என்ன?”

“டீ போடத்தான் அண்ணாச்சி.”

“அப்போ செடிக்குத் தண்ணி ஊத்துனது?”

“வாடிக் கிடந்துச்சு.”

ஆவுடையப்பனின் முகம் போன போக்கைப் பார்த்து பியூலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் வருத்தமும் வந்தது.

“சொல்லிருதேன். நான் முதமுத வேலைக்குச் சேந்தது அந்தச் சிப்பைச் செய்யுற கம்பெனியிலதான். அதோட டிரைவரை எழுதுனவங்கள்ல நானும் ஒருத்தி. விட்டுட்டு வரும்போது, உள்ள பாத்ததை வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்.”

“கம்பெனி எங்கயோ கிடக்கு. இங்கன உக்காந்து நீங்க சொன்னா யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும்லா. அதோட, நம்ம டிரைவர்ல ஒரு வரி அவங்களோடதுன்னு அவங்க காட்டிட்டாங்கன்னு வைங்க. மொத்தத்தையும் பிடுங்கி வெளிய போட்டுருவாங்க. வடிவு அக்கா பிள்ளைங்களுக்கு நேத்து வந்த இன்டர்நெட் இன்னைக்கு வராது.”

“அதான் என்னை எழுதச் சொன்னியளா?”

“ஆமா. பாத்தவங்க எழுதக் கூடாது, எழுதுறவங்க பாத்திருக்கக் கூடாது. எங்க ஆளுங்க மத்தியில அதுதான் வழக்கம். தெரியாத ஒருத்தர் வேணும். உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுல்லா.”

இப்படி ஒரு தகுதிக்காக ஆவுடையப்பனை யாரும் வேலைக்கு எடுத்ததில்லை.

“அப்போ நான் யாரைத்தான் கேக்க?” என்றார்.

“சிப்பைக் கேளுங்க. அது யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் குடுக்கல.”

அன்றிலிருந்து அவர் டீச்சரைக் கேட்பதை விட்டார். சிப்பைக் கேட்டார். ஓர் அறையில் எழுதுவது, மற்ற அறைகளில் என்ன மாறுகிறது என்று பார்ப்பது, அழிப்பது, மறுபடி எழுதுவது. கல்லில் நார் உரிக்கிற வேலை. ஆனாலும் நார் வந்தது. சில வாரங்களில் சிப் வெளியிலிருந்து வரும் செய்திகளை வாங்க ஆரம்பித்தது. காது திறந்துவிட்டது. வாய்தான் திறக்கவில்லை. என்ன செய்தும் அது ஒரு செய்தியைக்கூட வெளியே அனுப்ப மறுத்தது.

பள்ளி திறக்கும் நாள் நெருங்கியது. வடிவு ஒன்றும் கேட்க மாட்டாள். அவர் வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

பிறகு ஆவுடையப்பனுக்கு ஒரு பழக்கம் வந்தது. மனசில் நினைப்பதை வாய்விட்டு முணுமுணுப்பது. “மின்சாரம் பத்தலையோ?” என்பார். “வேகத்தைக் குறைச்சுப் பாப்பமா?” என்பார். கேள்வி கேட்கவில்லை, சத்தியமாக இல்லை. தனக்குத் தானே பேசிக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் டீச்சர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த அறையில ஒண்ணு போட்டுப் பாப்பமா?” என்று ஒரு நாள் முணுமுணுத்தார்.

டீச்சர் எழுந்து செடியைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த அறையில் ஒன்று போட்டார். சிப் ஓர் அடி முன்னே வந்தது.

ஆவுடையப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். அதற்கப்புறம் கவனித்தார். அவர் தப்பாக முணுமுணுத்தால் டீச்சர் உட்கார்ந்தே இருந்தாள். சரியான இடத்தை நெருங்கினால் எழுந்து போனாள். பாவம், தன் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்துதான் அவள் எழுந்தது. கால் காட்டிக் கொடுக்கும் என்று நினைக்கவில்லை. தெரிந்ததைச் சொல்ல முடியாமல் ஊமை கண்ட கனவாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் நனைந்த செடியையே மறுபடி நனைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் அதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கொஞ்சம் சத்தமாக முணுமுணுத்தார்.

“அனுப்புறதுக்கு முன்னால அளவைக் கூட்டணுமோ?” டீச்சர் அசையவில்லை.

“வரிசையை மாத்தணுமோ?” அசையவில்லை.

“உள்ள ஓடுற கடிகாரத்தை நிறுத்திட்டுத் திரும்ப ஓட்டணுமோ?”

நாற்காலி பின்னால் நகர்ந்தது. டீச்சர் வாசலில் இருந்தாள்.

கடிகாரத்தை நிறுத்தி, ஓட்டினார். சிப் வாயைத் திறந்தது. முதல் செய்தி போனது, இரண்டாவது போனது, பிறகு சரமாரியாகப் போனது. ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. டீச்சர் உள்ளே வந்தபோது திரையை அவளிடம் காட்டவில்லை. தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

வடிவு செருப்புச் சத்தத்தைக் கேட்டதும் சிரித்தாள். “சிப்பு வாய் பேசிட்டாண்ணே?”

“பேசிட்டுளா! எப்படின்னு கேளு.” அவருக்குப் பெருமை தாங்கவில்லை. டீச்சரின் கால் கதையை ஒன்று விடாமல் சொன்னார். வடிவு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“எங்க பிள்ளைங்க கெட்டுது போங்க,” என்றாள். “பரீட்சையில எங்க பிள்ளைங்க காப்பி அடிக்கிறது எப்படின்னு தெரியுமாண்ணே?”

“கண்ணு தெரியாத பிள்ளை எப்படிளா காப்பி அடிக்கும்?”

“பிரெயில்ல ஊசி வச்சுக் குத்தித்தானே எழுதுதாங்க. நாலு விடையில ஒண்ணை எழுதுன்னு கேள்வி வந்தா, பக்கத்துப் பிள்ளை குத்துற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. ஒரு குத்துன்னா இந்த எழுத்து, மூணு குத்துன்னா அந்த எழுத்து. போன வருஷம் ஒருத்தனைப் பிடிச்சேன். அவன் சொல்லுதான், நான் கேக்கல டீச்சர், அதுவாக் கேட்டுச்சு.”

ஆவுடையப்பனும் சிரித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

“அவனை என்ன செஞ்ச?”

“என்ன செய்ய? எழுதுன தாளை வாங்கிக்கிட்டேன். தனியா ஒரு ரூம்புல உக்கார வச்சுத் திரும்ப எழுதச் சொன்னேன். பிள்ளைதானே.”

அவருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல ஆகிவிட்டது. கத்தவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. வடிவு சோறு போட்டாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் டீச்சர் வீட்டில் உட்கார்ந்து, எழுதியதை அனுப்பத் தயார் செய்தார். இயங்குதளத்தின் மூல நிரலில் சேர்ந்தால்தான் டிரைவர் நிலைக்கும். அதில் சேர்க்க வேண்டுமென்றால் அடியில் பெயரைப் போட வேண்டும். இது நானே செய்தது, இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று அதற்கு அர்த்தம். அவ்வளவுதான். சாட்சி கிடையாது, சத்தியம் கிடையாது. போட்ட பெயரை உலகம் நம்பிவிடும்.

ஆவுடையப்பன் ‘ஆ’ என்று அடித்தார். அதற்கு மேல் விரல் போகவில்லை.

“டீச்சர்.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“சிப்பு பேசுது.”

பியூலாவின் முகம் மலர்ந்தது. கேட்கக் கூடாது என்று கையை மடியில் கட்டிக்கொண்டாள்.

“ஆனா நான் சிப்பைக் கேக்கல டீச்சர். உங்களைக் கேட்டேன். சரியாச் சொன்னா நீங்க எந்திரிச்சுப் போவிய. அதைப் பாத்துப் பாத்துத்தான் எழுதுனேன்.”

பியூலா வெகுநேரம் தன் கால்களைப் பார்த்தபடி இருந்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் ஆவுடையப்பனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பயம்தான் இருந்தது.

“எந்தெந்த இடம்?”

“ரெண்டு இடம். காட்டவா?”

“வேண்டாம். எனக்குக் காட்டாதீங்க.”

“அழிச்சிருதேன். அப்புறம் என்ன செய்ய? பள்ளிக்கூடம் திறக்கப் போகுது. வடிவுகிட்டச் சொல்லிட்டேன். இப்படியே அனுப்பினா யாருக்கும் தெரியாதுன்னு ராத்திரி பூரா ஒரு மனசு சொல்லிக்கிட்டே இருந்துச்சு டீச்சர். நீங்க என்ன சொல்லுதிய?”

பியூலா எழுந்தாள். ஆணியில் தொங்கிய வீட்டுச் சாவியை எடுத்து அவர் மேஜை மேல் வைத்தாள். உள்ளே போய் ஒரு பையில் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

ஆவுடையப்பன் பதறிப் போனார். “என்னை இனிமே வர வேண்டாம்னு சொல்லுதியளா?”

“நீங்க வாங்க அண்ணாச்சி. நான்தான் போறேன். நாசரேத்துல அம்மா வீடு இருக்கு.”

“உங்க வீட்டை விட்டு நீங்க போவியளா?”

“நான் இருக்கிற இடத்துல உங்களால அந்தச் சிப்பைக் கேக்க முடியாது.” பையைத் தோளில் மாட்டினாள். “செடிக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஊத்துனாப் போதும்.”

போய்விட்டாள்.

ஆவுடையப்பன் கடிகார வித்தையை அழித்தார். அதற்கு முன்னால் திருடிய அந்த ஒன்றையும் அழித்தார். சிப் மறுபடி வாயை மூடிக்கொண்டது. முணுமுணுத்தார்; பக்கத்தில் காலி நாற்காலி. வாயை மூடினார்.

விடை தெரிந்த பிறகு தெரியாதவராக இருப்பது லேசில்லை. கை எதைத் தொட்டாலும் கடைசியில் கடிகாரத்துப் பக்கமே போனது. அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டு வேறு எங்கே வாசல் என்று தேடினார். ஒரு நாள், இரண்டு நாள் என்று போனது. வடிவிடம் நடந்ததைச் சொன்னார். “தனி ரூம்புல உக்கார வச்சிட்டாங்களாக்கும்,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்கும் சோறு போட்டாள்.

ஒரு மத்தியானம், அலுத்துப் போய், அவர் தன் பழைய வேலையைச் செய்தார். எக்ஸ்சேஞ்சில் ஒரு லைன் ஊமையாகிவிட்டால் முதலில் என்ன செய்வார்கள்? லூப் போடுவார்கள். போகிற கம்பியைத் திருப்பி வருகிற கம்பியிலேயே சேர்த்து, அனுப்பியது தனக்கே திரும்பி வருகிறதா என்று பார்ப்பார்கள். சிப்பிலும் அப்படி ஒரு வசதி உண்டு. எல்லா நெட்வொர்க் சிப்பிலும் உண்டு என்று டீச்சர் முதல் பாடத்திலேயே சொல்லியிருந்தாள். லூப் போட்டார். சிப் தனக்குத் தானே ஒரு செய்தி அனுப்பியது. அதுவே வாங்கிக்கொண்டது.

பழுது எங்கே என்று பார்க்கத்தான் போட்டார். பார்த்துவிட்டு லூப்பை எடுத்தார். பழக்கதோஷத்தில் ஒரு செய்தியை வெளியே அனுப்பச் சொன்னார்.

போய்விட்டது.

அவர் நம்பவில்லை. இயந்திரத்தை அணைத்து, திரும்பப் போட்டு, மறுபடி செய்தார். போனது. லூப் போடாமல் செய்தார். போகவில்லை. ஒரு தடவை தனக்குத் தானே பேசவிட்டால், அந்தச் சிப் அதற்கப்புறம் ஊரோடு பேசியது. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வரை குழந்தை மாதிரி மறுபடி மறுபடி செய்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நாசரேத்துக்குப் போன் போட்டார். “டீச்சர், வாங்க. வேற வழி ஒண்ணு தெரியுது. சரியா தப்பான்னு நீங்க சொன்னாத்தான் பேரு போடுவேன்.”

“சரியா தப்பான்னு நான் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. எழுதி முடிச்சாச்சுல்லா? வாசிச்சு மட்டும் பாக்கேன்.”

அடுத்த நாள் காலையில் பியூலா வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆவுடையப்பன் எட்டி நின்றுகொண்டார். அவள் மேலிருந்து கீழே வாசித்தாள். மறுபடி மேலே போனாள். லூப் போடும் இடத்துக்கு வந்தாள். நின்றாள்.

ஆவுடையப்பன் திரையைப் பார்க்கவில்லை. அவளுடைய கால்களையே பார்த்தார்.

கால்கள் அசையவில்லை.

அவருக்கு வடிவின் முகம் ஞாபகம் வந்தது. “எந்திரிக்கல,” என்றார் மெல்ல. “அப்போ தப்புதானா டீச்சர்?”

பியூலா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்து நாற்காலியைக் கையால் இழுத்து, அவர் உட்காருவதற்காகத் தன் அருகில் போட்டாள்.

“இது எனக்குத் தெரியாதே அண்ணாச்சி,” என்றாள். “உக்காந்து சொல்லித் தாங்க.”